சாலை அடைபட்ட நாட்களில் அடுப்பு அணையாதிருந்தது எப்படி?



2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி இரவை நம்மில் ஒருவரும் எளிதில் மறக்க முடியாது. நள்ளிரவு முதல் 21 நாட்களுக்குத் தேசம் முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். அதைக் கேட்ட மாத்திரத்தில் அநேக வீடுகளில் தாய்மார்கள் எழுந்துபோய்ப் பார்த்தது அரிசிப் பானையைத்தான். எத்தனை நாளுக்கு வரும்? பருப்பு இருக்கிறதா? காஸ் எப்போது தீரும்? பிள்ளைக்குப் பால் எங்கே கிடைக்கும்? வியாதியைக் குறித்த பயத்துக்கு முன்பாகவே ஆகாரத்தைக் குறித்த பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, வாடகை வீட்டில் வாரக்கூலியை நம்பி வாழ்ந்த நம்முடைய ஜனங்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பாயிருந்தது. ஊரிலானால் பக்கத்து வீட்டில் இரண்டு படி அரிசி கைமாற்றாகக் கேட்கலாம். நகரத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

அந்நாட்களில் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. அதை மறைக்கலாகாது. ஆயினும் தேசத்தை மொத்தமாய் நோக்கினால், பெரும்பஞ்சம் நம்மைத் தொடவில்லை. நம்முடைய உணவு ஏற்பாடு எங்கே தாக்குப்பிடித்தது, எங்கே அறுந்தது, பிறகு எப்படி மீண்டெழுந்தது என்பதை நாம் நிதானித்து அறிவது நல்லது. ஏனெனில் கொள்ளைநோய் இனி ஒருபோதும் வராது என்று உறுதி சொல்வார் ஒருவருமில்லை. இதைக் கற்றுக்கொள்வதற்கு ஆனைகட்டியைப்போன்ற ஓர் எல்லையூர் நல்ல பாடசாலை.

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் மலைகளுக்கு நடுவே ஆனைகட்டி வரும். ஊரின் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளம். கேரளப் பகுதி பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், சோலையூர் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளும் சேர்ந்ததே அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி ஜனங்களின் பூமி அது. சந்தைக்கும் கூலிவேலைக்கும் கிழக்கே கோயம்புத்தூரை நோக்கி இறங்குவதும், ரேஷனுக்கும் அரசாங்க அலுவலுக்கும் மேற்கே அகளி, மன்னார்க்காடு பக்கம் போவதும் அங்குள்ளவர்களின் வழக்கம். இப்படிப்பட்ட ஊரின் நடுவே சோதனைச்சாவடி மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் எளிதில் உணரலாம்.

அன்று வந்த பஞ்சம், இன்று வராதது ஏன்?

முதலாவது, நூறு ஆண்டுகளுக்கு முந்திய காரியத்தைப் பார்ப்போம். 1918-ஆம் ஆண்டில் விஷக்காய்ச்சல் இந்தியா முழுவதும் பரவியபோது, ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. உலகப்போரின் காரணமாக விலைவாசி ஏற்கெனவே ஏறியிருந்தது. செப்டம்பர் மாதத்தில் சென்னைப் பட்டணத்திலும் மாகாணத்தின் வேறு ஊர்களிலும் பசியும் கோபமும் கொண்ட ஜனங்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். அதற்குப்பின் காய்ச்சலின் கொடிய அலை வந்தது. உழைக்கும் வயதிலுள்ளவர்களையே அது மிகுதியாய்க் கொண்டுபோனது. நோயும் பஞ்சமும் கைகோர்த்து நடந்த ஆண்டு அது. தானியம் ஏழையின் கைக்கு வந்துசேர அன்று பெரும்பாலும் வியாபாரியின் கடையே வழியாயிருந்தது.

2020-இல் நிலைமை வேறு. ஊரடங்கு தொடங்கியபோது அரசாங்கக் கிடங்குகளில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கும் அதிகமாய் இருந்தது. மார்ச் 27-ஆம் தேதியே வேளாண் பணிகளுக்கும் விளைபொருள் சந்தைகளுக்கும் ஊரடங்கிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் தேசத்தின் மொத்த உற்பத்தி 23.9 சதவீதம் வீழ்ந்தது என்று முதற்கணக்கு சொன்னது. அதே கணக்கின்படி வேளாண்மை 3.4 சதவீதம் வளர்ந்திருந்தது. ஆகவே வயல் கைவிடவில்லை, களஞ்சியமும் காலியாகவில்லை. அப்படியிருந்தும் பசி வந்ததென்றால், தானியத்துக்கும் மனிதனுடைய கைக்கும் நடுவே இருக்கும் வழி அறுந்ததே காரணம். வழி ஒன்றே ஒன்றாயிருந்த இடத்தில் ஜனங்கள் தவித்தார்கள். வழிகள் பலவாயிருந்த இடத்தில் தாக்குப்பிடித்தார்கள். அவ்வழிகளை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதல் வழி: சாலை

கேரளம் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. காய்கறிக்குத் தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் நம்பியிருக்கிறது. எனவே எல்லைச் சாலை அடைபட்டால் கேரளத்தின் சமையற்கட்டு அடைபடும். 2020 மார்ச் மாத இறுதியில் கர்நாடக எல்லையில் பல சாலைகள் மண் கொட்டி மூடப்பட்டன. காசர்கோட்டு நோயாளிகள் மங்களூருக்குப் போக முடியாமல், வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தமிழக எல்லையிலோ ஆட்களின் நடமாட்டம் கடுமையாய்க் கட்டுப்படுத்தப்பட்டபோதிலும் சரக்கு வண்டிகளுக்கு வழிவிடப்பட்டது. மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை, அத்தியாவசியமானது, அல்லாதது என்று பிரிக்காமல் எல்லாச் சரக்குகளையும் கொண்டுசெல்ல அனுமதித்தது.

பாலின் காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஊரடங்கில் தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டதால் மலபார் பகுதியில் பால் விற்காமல் தேங்கியது. மில்மா ஒருநாள் கொள்முதலையே நிறுத்தவேண்டியதாயிற்று. கறந்த பாலை எங்கே வைப்பது? மாடு வைத்திருந்த ஏழைக் குடும்பங்கள் கலங்கி நின்றன. அப்போது தமிழ்நாடு அந்தப் பாலை வாங்கி ஈரோட்டில் பால்பொடியாக்கித் தர ஒப்புக்கொண்டது. எல்லை அடைபட்டிருந்த அதே நாட்களில் பால் வண்டி எல்லையைக் கடந்தது. அயலானோடுள்ள நல்லுறவும் ஒருவகைக் களஞ்சியமே என்பதை இது காட்டுகிறது.

ஒரே வாசலை நம்புவதின் ஆபத்தைச் சென்னை அறிந்துகொண்டது. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியதால் 2020 மே 5-ஆம் தேதி அது மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் மாதத்தில்தான் கோயம்பேடு மறுபடியும் திறந்தது. இதற்கு மாறாக, பேருந்து நிலையங்களிலும் பள்ளி மைதானங்களிலும் பரவலாக வைக்கப்பட்ட சந்தைகளில் நெரிசல் குறைந்தது. 2021 மே மாத ஊரடங்கில் தமிழ்நாடு அரசு வண்டிகளில் காய்கறியை ஏற்றித் தெருத்தெருவாய் அனுப்பியதும் முந்தின ஆண்டின் அனுபவம் கற்பித்த பாடமே.

இரண்டாம் வழி: களஞ்சியம்

எகிப்தில் செழிப்பான ஏழு வருஷங்களில் யோசேப்பு தானியத்தைச் சேர்த்துவைத்த வரலாறு நாம் சிறுவயது முதல் அறிந்ததே. அவன் தானியத்தை ஒரே பட்டணத்தில் குவிக்காமல், அந்தந்தப் பட்டணத்தைச் சுற்றியிருந்த வயல்களின் விளைச்சலை அந்தந்தப் பட்டணத்திலேயே சேர்த்துவைத்தான் என்பதை நாம் அவ்வளவாய்க் கவனிப்பதில்லை. தெருக்கோடியிலுள்ள ரேஷன் கடையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்.

2020 ஏப்ரல் முதல், பிரதம மந்திரி கரீப் கல்யாண் அன்ன யோஜனா என்ற திட்டத்தின்படி ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாய்க் கொடுக்கப்பட்டது. இடையில் சில மாதங்கள் நின்றாலும், 2022 டிசம்பர் வரை மொத்தம் 28 மாதங்கள் அது நடந்தது. தமிழ்நாடு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயோடு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாய் வழங்கியது. கேரளம் எல்லா அட்டைதாரர்களுக்கும் இலவச அரிசியும், 17 பொருட்கள் அடங்கிய மளிகைப் பையும் கொடுத்தது. தூற்றியவர்கள் உண்டு, வரிசையில் நிற்க வெட்கப்பட்டவர்களும் உண்டு. ஆனால் 1918-இல் இல்லாத ஒரு வழி 2020-இல் இருந்தது. அநேகருடைய உயிரைக் காத்தது அதுவே.

திறவுகோல் இல்லாதவர்கள்

களஞ்சியம் நிரம்பியிருந்தாலும் அதைத் திறக்கும் சாவி குடும்ப அட்டைதான். கேரளத்து அட்டையை வைத்துக்கொண்டு தடாகம் பள்ளத்தாக்கின் செங்கற்சூளையில் வேலைசெய்த ஒரு கூலியாளை எண்ணிப்பாருங்கள். (அந்தச் சூளைகள் பின்னர் 2021-இல் மூடப்பட்டன.) சாவடி மூடப்பட்டது. அவருடைய அரிசி மலைக்கு அப்பால், அவரோ மலைக்கு இப்பால். அருகிலுள்ள தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அவருக்குப் பங்கில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வாழ்ந்த நம்முடைய ஜனங்களில் எத்தனை பேருக்கு இதே நிலைமை நேர்ந்தது! அட்டை திருநெல்வேலியில், ஆள் தாராவியில்.

அட்டையில்லாத ஏறக்குறைய 8 கோடிப் புலம்பெயர் தொழிலாளருக்கு இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்ற அறிவிப்பு மே 14-ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் ஊரடங்கு தொடங்கி 50 நாட்கள் கடந்துவிட்டன. அந்த 50 நாட்களில் எத்தனையோ பேர் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலையில் நடந்தே ஊர் போனார்கள்.

ஆதிச் சபையிலும் இதே குறை நேரிட்டது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் போனார்கள் என்ற முறையீடு எழுந்தது. ஆகாரம் இருந்தது, ஆனால் அந்நிய மொழிக்காரரின் பெயர் பங்கீட்டில் விடுபட்டுப்போனது. அப்போஸ்தலர்கள் அதை அற்பமாய் எண்ணாமல், பந்திவிசாரணைக்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். பங்கீட்டைச் சீர்ப்படுத்துவது எவ்வளவு பெரிய ஊழியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நம் தேசத்திலும் அந்தக் குறை ஓரளவு நிவிர்த்தியாகியிருக்கிறது. ஒரே தேசம் ஒரே ரேஷன் அட்டை என்னும் ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உச்சநீதிமன்றம் 2021 ஜூன் மாதத்தில் எல்லா மாநிலங்களும் இதில் சேரவேண்டுமென்று கட்டளையிட்டது. 2022 ஜூன் மாதத்தில் கடைசி மாநிலமாகிய அசாமும் சேர்ந்தது. இப்போது முன்னுரிமைக் குடும்ப அட்டை அல்லது அந்தியோதயா அட்டை உள்ளவர்கள், ஆதார் இணைக்கப்பட்டிருந்தால், மத்திய அரசின் தானியத்தை எந்த மாநிலத்திலும் பெறலாம். நகரத்திலிருக்கும் தகப்பன் தன் பங்கை அங்கே வாங்கிக்கொள்ள, ஊரிலிருக்கும் குடும்பம் மீதியை இங்கே வாங்கிக்கொள்ளலாம். மாநில அரசு தனியாய்க் கொடுக்கும் பொருட்களுக்கு இது பொருந்தாது.

மூன்றாம் வழி: அடுப்பு

தானியம் கையில் வந்தாலும் சமைக்க அடுப்பும் விறகும் ஆளும் வேண்டும். வியாதிப்பட்ட வீட்டில், தனித்து வாழும் முதியவரின் அறையில், பத்துப் பேர் தங்கும் கூலியாட்களின் கொட்டகையில் அது எப்படிக் கூடும்?

இங்கே அட்டப்பாடிக்கு ஒரு துயரமான முன்னனுபவம் இருந்தது. 2013-இல் அங்கே பழங்குடிக் குடும்பங்களில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மரித்த செய்தி தேசத்தையே உலுக்கியது. தாய்மாரின் இரத்தசோகையும், பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதும் காரணங்களாய்ச் சொல்லப்பட்டன. அதற்குப்பின் மலையூர்களில் சமுதாய சமையலறைகள் தொடங்கப்பட்டன. கர்ப்பவதிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுபிள்ளைகள், முதியோர் ஆகியோருக்கு அந்தந்த ஊர்ப் பெண்களே சமைத்துப் பரிமாறினார்கள். கேரளத்தின் குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சங்க அமைப்பு இதற்குத் துணைநின்றது.

2020 மார்ச் இறுதியில் கேரளம் முழுவதும் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து, சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாய சமையலறைகளைத் திறந்தன. இயலாதவர்களுக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்கு 20 ரூபாய்க்கும் பொதிச்சோறு கிடைத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளின் ஆகாரம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. இவ்வளவு விரைவு எங்கிருந்து வந்தது? குடும்பஸ்ரீ 1998 முதல் வார்டுதோறும் வேர்விட்டிருந்தது. எந்த வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவர் உண்டு, எந்த வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை என்பதை அந்தப் பெண்கள் முன்னமே அறிந்திருந்தார்கள். ஆபத்துநாளில் புதிதாய்க் கட்டியெழுப்ப நேரமிராது. நல்ல நாளில் கட்டியது மட்டுமே அன்று உதவும்.

நான்காம் வழி: கூலி

ஏழையின் வீட்டில் பருப்பும் முட்டையும் கீரையும் அன்றாடக் கூலியிலிருந்து வருகிறவை. கூலி நின்றபோது இலவச அரிசி வயிற்றை நிரப்பியது, ஆனால் தட்டில் சோற்றோடு சேரவேண்டியவை குறைந்தன. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதிக்குப் பின் நூறுநாள் வேலை மறுபடியும் தொடங்க அனுமதிக்கப்பட்டது. 2020-21-இல் அத்திட்டத்தில் 389 கோடி மனித உழைப்பு நாட்கள் பதிவாயின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு பதிவானதில்லை. நகரங்களுக்கென்று தேசமளாவிய அப்படியொரு வேலைத்திட்டம் இல்லாததால், நகரத்துக் கூலியாளுக்கு வீட்டு வாடகையே முதல் சத்துருவாயிற்று.

மீண்டெழுதல் எதுவரை?

ஆனைகட்டியைச் சுற்றிய மலையூர்களில் முதியோரிடம் பேசினால், பழைய நாட்களின் கலப்புப் பயிரைக் குறித்துச் சொல்வார்கள். கேழ்வரகு, சாமை, தினை, சோளம், துவரை, அவரை, கீரை எல்லாம் ஒரே புனத்தில் விளைந்தன. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. கேழ்வரகின் மணி சிறியது, புழு எளிதில் துளைக்காது, வருஷக்கணக்காய் வைத்திருக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் அதிகமான கால்சியம் உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. காலப்போக்கில் பழங்குடியினரின் நிலம் கைமாறியது. 1951-இல் அட்டப்பாடியின் ஜனத்தொகையில் பத்தில் ஒன்பது பங்காயிருந்த அவர்கள், இன்று பாதிக்கும் குறைவு. ரேஷன் அரிசி பசியைத் தீர்த்தது, அதோடுகூட களியையும் பின்னுக்குத் தள்ளியது. யானையும் பன்றியும் பயிரை அழிப்பதும் உண்டு.

இதை மாற்றும் நோக்கத்தோடு 2017-இல் அட்டப்பாடியில் சிறுதானிய கிராமத் திட்டம் தொடங்கப்பட்டது. மறுபடியும் கேழ்வரகும் சாமையும் புனங்களில் ஏறின. அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு அவரை என்னும் நாட்டு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடுக்கி எல்லையிலுள்ள காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கும் அப்போதே அது கிடைத்தது. வீட்டருகே விளையும் தானியம், சாலையும் சாவடியும் அடைக்கமுடியாத வழி.

ஆயினும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. 2021 நவம்பரில் அட்டப்பாடியில் சில நாட்களுக்குள் மறுபடியும் குழந்தைகள் மரித்தார்கள். அரிவாள்செல் நோய், இரத்தசோகை, மருத்துவ வசதிக் குறைவு எனக் காரணங்கள் பல, அரிசி மாத்திரம் அவற்றைத் தீர்க்காது. கேரளத்தில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு தந்த மக்கள் உணவகங்கள் ஆயிரத்துக்கும் மேல் பெருகின. 2023-இல் மானியம் நின்றபின் விலை உயர்ந்தது, நடத்திய பெண்கள் சுமையால் தவித்தார்கள். உலகளவிலும் 2020-இல் பசித்தோர் தொகை திடீரென்று ஏறியது. 2024-இலும் ஏறக்குறைய 67 கோடிப் பேர் பசியோடிருந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. வியாதி போனவுடன் ஏற்பாட்டையும் கலைத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அடுத்த ஆபத்துக்கு அதுவே வாசலாகும்.

நம்முடைய வீடுகளும் சபைகளும் செய்யக்கூடியவை

1. குடும்ப அட்டையில் எல்லாருடைய பெயரும் உண்டா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். நகரத்தில் நிலைத்துவிட்டவர்கள் முகவரியை மாற்றிக்கொள்ளட்டும்.

2. ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றைச் சிறிது சிறிதாய்ச் சேர்த்து, பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பயத்தில் ஒரே நாளில் வாங்கிக் குவிப்பது அயலானின் பங்கை எடுப்பதாகும்.

3. வாரத்தில் இரண்டு நாளாவது சிறுதானியம் சமையுங்கள். பிள்ளைகளின் நாவு பழகினால்தான் ஆபத்துநாளில் அது ஆகாரமாகும். மொட்டைமாடியில் நான்கு தொட்டிக் கீரை சிறியதானாலும் ஒரு வழியே.

4. சபையில் தனித்து வாழும் முதியோர், விதவைகள், தினக்கூலிக் குடும்பங்கள், அட்டையில்லாதோர் ஆகியோரின் பட்டியல் எழுத்தில் இருக்கட்டும். அதில் வேறு மொழி பேசும் அயலாரும், சபைக்கு வராதவர்களும் விடுபடவேண்டாம்.

5. சபையிலுள்ள பெரிய பாத்திரங்களும் அடுப்பும் கல்யாணத்துக்கு மாத்திரமல்ல. ஐம்பது பேருக்குச் சமைத்து வீடுகளுக்குக் கொண்டுசெல்ல யார் பொறுப்பு என்பதை இப்போதே தீர்மானித்து வையுங்கள்.

6. பக்கத்துக் கடைக்காரரையும் காய்கறிக்காரம்மாவையும் மறக்கவேண்டாம். ஊரடங்கில் கடன் கொடுத்தவர்கள் அவர்களே.

அருமையானவர்களே, ஆனைகட்டியின் சாவடி திறந்து நெடுநாளாயிற்று. பேருந்துகள் இரு பக்கமும் ஓடுகின்றன. அந்த இரவில் அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்த பயத்தை நாம் மறந்துபோகலாம். நம்முடைய தெருவில் இன்றும் ஒரு தாய் அதே பயத்தோடு மூடியைத் திறந்து பார்க்கிறாள். அவளுடைய பெயர் நம்முடைய பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்து அறிவோமாக.